குன்றும் யாறும்: மதுரையைச் சூழ்ந்த இயற்கை



மதுரைக்கு வருவோர் மீனாட்சியம்மன் திருக்கோயிலைக் காண்பர். திருமலை நாயக்கர் மகாலைக் காண்பர். மறுநாளே கொடைக்கானலுக்கோ தேக்கடிக்கோ பேருந்து ஏறிவிடுவர். மதுரையில் உள்ளவை கட்டடங்கள். இயற்கையைக் காண வேற்றூர் செல்லவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். வெளியூரார் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. மதுரையிலேயே பிறந்து, வளர்ந்து, கவிதையும் எழுதுவோர் பலர் அவ்வாறே எண்ணுவதுதான் வியப்புக்குரியது. அவர்தம் பாட்டில் அருவி வரும்; மயில் வரும்; மலைச்சாரல் வரும். ஆயினும் ஒத்தக்கடையில் பேருந்தை விட்டிறங்கி யானைமலையில் ஏறியவர் அவர்களுள் எத்தனை பேர்? இவ்வினாவே இவ்வுரையின் தோற்றுவாய்.

வடகரையிலிருந்து ஒரு பார்வை

மதுரையின் இயற்கையைக் காணப் புறப்படுவோர்க்குக் கோரிப்பாளையம் தக்கதொரு தொடக்கம். இது வையையின் வடகரை. இங்குள்ள தர்காவின் குவிமாடம் ஒரே கல்லால் ஆனது என்றும், அக்கல் அழகர்மலையிலிருந்து கொணரப்பட்டது என்றும் மக்கள் வழக்காறு கூறும். வழக்காறு வரலாறாகுமா என்பது வேறு வினா. ஊரின் நடுவே உள்ள ஒரு வழிபாட்டிடத்தைத் தொலைவில் உள்ள மலையோடு உறவுபடுத்திப் பார்க்கும் மக்கள் மனம் இதனால் புலனாகின்றது. கோரிப்பாளையத்தை அடுத்தது தல்லாகுளம். சித்திரைத் திங்களில் அழகர் மலையை விட்டிறங்கி வரும்போது மதுரை மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்பது அங்கேதான். மறுநாள் அவர் ஆற்றில் இறங்குகிறார். மலையும் ஆறும் ஆண்டுக்கு ஒருமுறை சந்தித்துக்கொள்ளும் நிகழ்ச்சி என்றே இவ்விழாவைக் கூறலாம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மரப்புணையில் வையையைக் கடந்து தென்கரையை அடைகின்றனர். அப்போது ஆறு முழுதும் பூக்களால் மூடப்பட்டிருந்தது. கண்ணகிக்கு நேரவிருக்கும் துயரை முன்பே அறிந்தவள் போல, வையை தன் கண்ணீரைப் பூவாடையால் மறைத்துக்கொண்டாள் என்று இளங்கோவடிகள் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் எட்டு, வையையின் புதுப்புனலைப் பாடுவன. ஓர் ஆற்றுக்கு எட்டு முழுப்பாடல்கள்! ஒரு நகரம் தன் ஆற்றை இவ்வளவு கொண்டாடிய செய்தி சங்க நூல்களுள் வேறெங்கும் இத்துணை விரிவாக இல்லை எனலாம்.

வருசநாட்டு மலைப்பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடி, இராமநாதபுரம் சீமையின் கண்மாய்களை நிறைத்துக் கடலை நாடும் ஆறு இது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரை 1895-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் இதன் படுகை செழித்தது. 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. இன்று அழகர் இறங்குவதற்கும் அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. மற்றை நாள்களில் பாலத்தின்மேல் நின்று பார்ப்போர் காண்பது யாது? கழிவுநீரும் அதன்மேல் படர்ந்த ஆகாயத்தாமரையும். வையை இன்றும் போர்வை போர்த்தியே கிடக்கிறாள். முன்பு தன் கண்ணீரை மறைத்தாள். இன்று மதுரையாரின் செயலை மறைக்கிறாள். இதனைப் பாடுவதும் வையையைப் பாடுவதே.

கல்லாகிப் போன யானை

நகரின் வடகிழக்கே, மேலூர்ச் சாலையில், படுத்திருக்கும் யானையின் வடிவில் ஒரே பாறையாக ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடப்பது யானைமலை. மேற்கே நீண்டு நெளிந்து கிடப்பது நாகமலை. தெற்கே திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் உள்ளது பசுமலை. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் நாகமும் மாயப்பசுவுமே இம்மலைகள் ஆயின என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும். இக்கதைக்குள் பழைய சமயப் பூசல் ஒன்று உறைந்துள்ளது என்பதை ஆய்வாளர் அறிவர். ஆனால் யானைமலையின் பெயர் புராணத்தினும் பழமையானது. அம்மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதனை 'இவகுன்றம்' எனக் குறிக்கிறது. 'இபம்' என்பது யானையைக் குறிக்கும் வடமொழிச் சொல். அதன் திரிபே 'இவம்' என்பர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் மக்கள் கண்ணுக்கு அது யானையாகவே தோன்றியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இம்மலையில் கி.பி. 770-இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் உள்ளது. முருகனுக்குரிய லாடன் குடைவரை உள்ளது. மேலே சமண தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. புராணத்தில் எந்தச் சமயங்களின் பூசலால் இம்மலை உண்டானதோ, அச்சமயங்களின் சின்னங்கள் அனைத்தையும் அதே மலை தன்மேல் தாங்கிக்கொண்டிருக்கிறது. கதையினும் பாறை பெருந்தன்மையுடையது.

கீழக்குயில்குடியில் உள்ள சமணமலை காலைப்பொழுதில் காணத்தக்கது. அடிவாரத்தில் தாமரைக்குளம், கரையில் ஆலமரங்கள், ஐயனார் கோயில். செட்டிப்புடவில் ஒரு பேருருவச் சிற்பம் உள்ளது. சற்று மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமைந்துள்ளன, அருகிலேயே சுனை. துறவோர் நீர் உள்ள இடத்தையே தேர்ந்தனர். சுனையைத் தேடிச் சென்றால் கல்வெட்டு கிடைக்கும் என்பது மதுரை மலைகளைச் சுற்றுவோர் கண்டறிந்த பாடம்.

சிலம்பாறும் சிறுமலையும்

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலை. திருமாலிருஞ்சோலை என்று பரிபாடலும் ஆழ்வார்களும் போற்றிய மலை இது. மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கோவலனுக்குக் கூறும் மாமுது மறையோன் இம்மலையையும், இங்குள்ள மூன்று பொய்கைகளையும், சிலம்பாற்றையும் விரித்துரைக்கிறான். அச்சிலம்பாறே இன்று நூபுரகங்கை என வழங்குகிறது. சிலம்பு நூபுரமாயிற்று, ஆறு கங்கையாயிற்று, நீர் மட்டும் மாறவில்லை. அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக மரநிழலில் நடந்தே செல்வோர்க்கு மந்திகளின் துணை வழிநெடுக உண்டு.

வாடிப்பட்டிக்கு அருகே சிறுமலைச் சாரலில் குட்லாடம்பட்டி அருவி உள்ளது. மழை பெய்தால் அருவி. பெய்யாவிட்டால் வெறும் பாறை. ஆண்டு முழுதும் அருவி கொட்டவேண்டும் என்று எதிர்பார்ப்போர்க்கு அது ஏமாற்றமே. கார்காலத்தையும் வேனிலையும் பிரித்தறிந்து பாடிய தமிழ் மரபினர்க்கு அதில் ஏமாற்றம் இல்லை.

பெயருள்ள மலை

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, இவ்வுரையின் நடுப்பொருள் எனலாம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 எக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், குன்றுகளில் ஊறும் நீரை வாங்கும் ஏரிகளும் கண்மாய்களும், வல்லூறு உள்ளிட்ட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. குடைவரைச் சிவன் கோயிலும் இலகுலீசர் சிற்பமும் இங்கு உண்டு. மீனாட்சிபுரத்துக் குன்றின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பெயர் காணப்படுகிறது. மாங்குளம் கல்வெட்டு என்று பாடநூலில் மாணவர் படிப்பது இதனையே.

இத்துணைச் சிறப்பும் ஒரு மலையைக் காக்கப் போதுமானதன்று. மேலூர்ப் பகுதியில் எத்தனையோ குன்றுகள் கருங்கல் பாளங்களாக அறுபட்டு ஏற்றுமதியாயின. அம்முறைகேடுகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் 2014-இல் ஆணையர் ஒருவரை அமர்த்த நேர்ந்தது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டித் தொகுதியில் ஏறத்தாழ 2,015 எக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் ஏலம் முடிந்த செய்தி வெளிவந்தது. ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் நோக்கி உழவரும் பெண்டிரும் முதியோரும் நடந்தே வந்தனர். சனவரி 23 அன்று நடுவண் அரசு அந்த ஏலத்தை விலக்கிக்கொண்டது.

அவர்களை நடக்க வைத்தது எது? வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஒரு குன்று 'கல்லாங்குத்து' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஊராருக்கோ ஒவ்வொரு குன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒவ்வொரு சுனைக்கும் தெய்வம் உண்டு. ஒவ்வொரு கண்மாய்க்கும் நீர் வரும் வழி தெரியும். பெயர் தெரிந்தவர்கள் போராடினார்கள். பெயர் தெரியாத குன்றுகள் ஓசையின்றி மறைந்தன.

பெயரிடுவதும் பெயரை மறவாமல் காப்பதும் கவிஞர் தொழில். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் பாண்டியன் நாட்டின் ஐந்திணை நிலங்களையும் பாடினார். அவர் பாடிய நிலத்திற்கு வாரிசாக இருப்போர் திணையை நூலில் மட்டும் கற்றல் ஆகாது. பசுமை நடை என்னும் அமைப்பினர் 2010 முதல் மக்களை இம்மலைகளுக்கு அழைத்துச் சென்று கல்வெட்டுகளையும் சுனைகளையும் காட்டிவருகின்றனர். இலக்கிய வட்டமும் தன் திங்கள் கூட்டங்களுள் ஆண்டுக்கு இரண்டையேனும் ஒரு குன்றின் அடிவாரத்தில் நடத்துதல் நலம். மேடை வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா. பாறை உண்டு, ஆலநிழல் உண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் அக்குன்றின் பெயர்களைச் சொன்னால் அதுவே தலைமையுரை.

பத்தாண்டு மலர் இன்று வெளிவருகிறது. இருபதாம் ஆண்டு மலரும் வெளிவரும். அதில் மலையைப் பாடும் கவிதைகள் இடம்பெறும் என்பது உறுதி. அப்பொழுது அம்மலைகளும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும்.