படித்து முடித்தவர்களுக்கும் படிக்கும் உரிமை உண்டு

(பினாங்கு, கெலுகோரில் முதியோர் இல்லங்களில் பணிபுரியும் தாதியரும் பராமரிப்பாளர்களும் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத வாசகர்களுக்காக இங்கே தருகிறோம்.)



உங்களில் பலர் இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்திருக்கிறீர்கள். இதை வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நீங்களும் அப்படிப்பட்ட ஒருவராக இருக்கலாம், அல்லது உங்கள் தாயோ தகப்பனோ ஓர் இல்லத்தில் இருக்கலாம். இரு சாராருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். எண்பதைத் தாண்டியவர். ஆயுள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். மறதி நோய் வந்து ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, "பெரட்டு, பெரட்டு" என்று கத்திக்கொண்டு வாசல் கதவுக்குப் போவார். தடுத்தால் அடிப்பார். வெளிநாட்டிலிருந்து வந்த பணியாளர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலோடு கையைக் கட்டிவிட்டார்கள்.

அங்கே வேலை செய்த தமிழ்த் தாதி ஒருவர் என்னிடம் சொன்னார்: "எனக்கும் தமிழ் தெரியும் சார். பெரட்டுன்னா என்னன்னும் தெரியும், நானும் தோட்டத்துப் பிள்ளைதான். ஆனா நானும் கட்டினேன். அங்க அதுதான் பழக்கம்."

பிறகு அவர் தம் ஓய்வு நாளில், சொந்தக் காசில், மறதி நோயாளர் பராமரிப்பு பற்றிய ஒரு நாள் வகுப்புக்குப் போனார். இப்படி எழுந்து நடப்பவருக்கு உள்ளுக்குள் ஒரு காரணம் இருக்கும், கட்டுவதற்கு முன் அந்தக் காரணத்தைத் தேடு என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் விடியற்காலை பெரியவர் எழுந்தபோது இவர் பக்கத்தில் போய், "தாத்தா, வெளிய மழை. இன்னைக்கி பெரட்டு இல்ல" என்றார். பெரியவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது என்பது அந்த வகுப்பில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. அது அந்தத் தாதிக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவை எங்கே பயன்படுத்துவது என்பதை வகுப்புதான் காட்டியது. மொழி மட்டும் இருந்தபோது அந்தப் பெரியவரின் கை கட்டப்பட்டுத்தான் கிடந்தது.

அடுத்த வகுப்புக்கு அவர் விடுப்பு கேட்டார். "வயசானவங்களுக்குச் சோறூட்ட எதுக்குப் படிப்பு?" என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. நான் இன்று பேச வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

சோறூட்டுவது சாதாரண வேலையா? பக்கவாதம் வந்தவருக்குத் தவறாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். படுத்த படுக்கையாக இருப்பவரை நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் எலும்புவரை போகும். 2019இன் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். நம் பெரியவர்களின் காலைத் தினமும் பார்க்கத் தெரிந்த ஒரு கண் இல்லையென்றால், சிறு கொப்புளம் காலை எடுப்பதில் முடியும். இதெல்லாம் கல்லூரியில் ஒரு முறை படித்துவிட்டு முப்பது ஆண்டுக்கு மறந்துவிடக்கூடிய பாடமல்ல.

இனி சட்டத்துக்கு வருவோம்.

1950ஆம் ஆண்டு தாதியர் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே தாதி. அவர் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். பெரிய மருத்துவமனையில் வேலை செய்பவருக்கு அந்த வகுப்புகள் பெரும்பாலும் வேலையிடத்திலேயே நடக்கும். இருபது கட்டில் உள்ள இல்லத்தில் தனியாக நிற்கும் தாதிக்கு? அவர் வகுப்புக்குப் போனால் மாற்றாள் இல்லை. புள்ளி சேராவிட்டால் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் தாதி என்ற தகுதியோடு வேலை செய்ய முடியாது.

அடுத்தது இல்லங்கள். நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், சமூகநல இலாகாவிடம் பதிவு பெற வேண்டும். மருத்துவத் தாதிமை தேவைப்படுவோருக்கான தனியார் இல்லங்கள் சுகாதார அமைச்சின் கீழ், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகின்றன. பெரும்பாலான இல்லங்கள் முதல் வகையில்தான் இருக்கின்றன. அங்கே உங்கள் அம்மா "மிஸ்ஸி" என்று கூப்பிடுபவர் பதிவு பெற்ற தாதியாக இல்லாமல் இருக்கலாம். 2018இல் அரசிதழில் வெளியான தனியார் முதியோர் உடல்நலப் பராமரிப்புச் சட்டம் இந்தத் துறைக்கென்றே இயற்றப்பட்டது. அதன் விதிகளில், பணியாளர்களின் தொடர்கல்வி உரிமத்துக்கான நிபந்தனையாக வேண்டும். இது நம் முதல் கோரிக்கை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேல் உள்நாட்டுத் தொழிலாளர் உள்ள முதலாளி, சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சிக்கான லெவியாகக் கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் இது ஏராளமான துறைகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவர்கள் விரும்பினால் 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். அந்த லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. லாப நோக்கில் நடக்கும் இல்லத்தில் வேலை செய்கிறீர்களா? "லெவி கட்டுகிறீர்களா, போன ஆண்டு யாரைப் பயிற்சிக்கு அனுப்பினீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளத்தில் பிடித்தம் இருந்தால் சம்பளச் சீட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

பத்து, பதினைந்து ஆண்டுகளாகப் பராமரிப்பாளராக இருந்தும் கையில் ஒரு தாளும் இல்லாத அக்காமார்களுக்கும் வழி உண்டு. 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், வேலை அனுபவத்தை ஆவணமாகக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே வேலைக் கடிதம், பணி அட்டவணை, போன வகுப்பின் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மற்ற நாடுகளில் எப்படி என்று பார்த்தால், பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு தாதியும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 35 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்கிறார். அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். முதியோர் இல்லத் தாதிக்கும் அதே விதிதான்.

இது தொழிலாளர் பிரச்சினை, இதில் இன உரிமை எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேற்றப்பட்டவர்கள்தான் இன்று இல்லங்களில் படுத்திருக்கிறார்கள். மறதி நோய் முற்றினால் பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மலாயும் ஆங்கிலமும் முதலில் நழுவும். தாய்மொழி கடைசிவரை நிற்கும். அந்தக் கடைசி மொழியில் வலியைச் சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை. அதனால்தான் இந்த வகுப்புகள் தமிழிலும் நடக்க வேண்டும் என்கிறோம்.

1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் கெலுகோரில்தான் இருக்கிறது. அதன் சுகாதார வளாகமோ கிளந்தானில், குபாங் கெரியானில். நம் வாசலில் இருக்கும் வளாகத்தில் மாதம் ஒரு மாலை, முதியோர் பராமரிப்பு வகுப்பு நடத்தச் சொல்லி மனு தயாராகிறது. கையெழுத்து போடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இல்லத்துக்குப் போகும்போது, மாதக் கட்டணத்தோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: "என் அப்பாவைப் பார்த்துக்கொள்பவர் கடைசியாக எப்போது ஒரு வகுப்புக்குப் போனார்?"

பதில் இல்லையென்றால், அவர் கையை ஒரு முறை பாருங்கள். மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா என்று.