ஒருமுறை மட்டும் அசையும் படம்



திரைப்படம் என்றவுடன் பாட்டும் ஆட்டமும் சண்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டா என்று கூற நான் வரவில்லை. ஆனால் அவை ஒன்றுமின்றி, அசைவுகூட இன்றி ஒரு படம் இருக்க இயலுமா? இயலும். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ் மார்க்கர் 1962-இல் ஆக்கிய 'லா ஜெத்தே' அத்தகையது.

பவானியில் நண்பர் சிலரோடு அமர்ந்து அதனைக் கண்டேன். தொடங்கிச் சிறிது நேரத்திற்குள், "படம் நின்றுவிட்டதா?" என்று ஒருவர் கேட்டார். நிற்கவில்லை. அந்த 28 நிமிடப் படம் ஏறத்தாழ முழுவதும் அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் ஆனது. கதையை ஒரு குரல் சொல்லிச் செல்கிறது.

பாரிஸ் நகரத்து ஓர்லி விமான நிலையத்தில் ஒரு சிறுவன் ஒரு பெண்ணின் முகத்தைக் காண்கிறான். ஒரு மனிதன் வீழ்ந்து மடிவதையும் காண்கிறான். பின்னர் மூன்றாம் உலகப் போரில் நகரம் அழிகிறது. எஞ்சியோர் நிலத்தின் அடியில் வாழ்கின்றனர். வளர்ந்து கைதியாகிவிட்ட அவன், அந்த ஒரு முகத்தின் நினைவைப் பற்றிக்கொண்டு இறந்த காலத்திற்குள் செலுத்தப்படுகிறான். முடிவை நீங்களே கண்டறிக.

ஓரிடத்தில் அப்பெண் உறங்குகிறாள். படங்கள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. பறவைகளின் ஒலி பெருகுகிறது. திடீரென அவள் கண் திறந்து இமைக்கிறாள். சில நொடிகளே அந்த அசைவு. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

ஓர் இமைப்புக்கு ஏன் இத்துணை வியப்பு? எல்லாத் திரைப்படமும் அசையாப் படங்களின் வரிசையே அன்றோ? அவற்றை அசைவாகக் கோப்பது நம் கண்ணும் மனமுமே. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமிட்டுக் காட்டினார். பின்னர்க் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார். அந்நாளில் படம் அசைந்ததே மக்களுக்கு அதிசயம். பழக்கத்தால் நாம் இழந்த அவ்வதிசயத்தை மார்க்கர் மீட்டுத் தருகிறார்.

எங்கள் ஊர்க் கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவதான அமுதநதி கண்ணுக்குப் புலப்படாமல் கலக்கிறது என்பர் பெரியோர். படக்கலையும் அவ்வாறே. இரு படங்கள் அடுத்தடுத்து வரும்போது, அவ்விரண்டிலும் இல்லாத மூன்றாம் பொருள் ஒன்று பார்ப்பவர் உள்ளத்தில் பிறக்கிறது. 1920-களிலேயே குலெஷோவ், ஐசன்ஸ்டைன் முதலிய சோவியத் இயக்குநர்கள் இதனை ஆராய்ந்தனர். பார்ப்பவர் கருத்தூன்றாவிடில் அம்மூன்றாம் ஆறு இல்லை.

இன்று கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள எண்ணற்ற படங்கள் ஓடுகின்றன. இரவில் கண்ணை மூடினால் அவற்றுள் எது எஞ்சுகிறது? எல்லாம் இழந்த அம்மனிதனுக்கு எஞ்சியது ஒரு முகம். அது அவனுக்குப் போதுமானதாயிற்று. ஆகவே ஒரு நல்ல படத்தைக் கண்டபின் உடனே எழுந்துவிடாதீர்கள். சற்றே அமைதியாய் இருந்து, உள்ளத்தில் தங்கிய ஒரு காட்சியை உங்கள் சொற்களில் எழுதி வையுங்கள். அக்காட்சி பிறகு உங்களுடையது.