வேலைநிறுத்தத்திற்கு முந்தைய நாட்கள்

(மின்துறை ஊழியர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொதுச் சேவைகளைப் பாதுகாப்பதில் தொழிற்சங்க ஒற்றுமையின் பங்கு என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. நான் மின்கம்பத்தில் ஏறிப் பழகியவன் அல்லன். கட்சி ஆவணங்களைத் தமிழாக்கம் செய்து வருபவன். எனவே நான் அறிந்த பொருளிலிருந்து, அதாவது ஒரு சொல்லிலிருந்து, தொடங்க அனுமதி வேண்டுகிறேன்.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் குறுக்கு மானியம் பற்றிக் கூறுமிடத்தில் இரு சொற்களை அடுத்தடுத்து வைத்திருந்தது: குறைத்தல், ஒழித்தல். பெருந்தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் சற்றுக் கூடுதலாகச் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு, ஏழை வீட்டுக்கும் உழவரின் பம்புசெட்டுக்கும் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் வழங்கும் ஏற்பாடே குறுக்கு மானியம். அதைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் இல்லாமலே செய்துவிட வேண்டும் என்பது அச்சட்டம் வகுத்த இலக்கு. 2004இல் இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில், இச்சட்டம் மறுபரிசீலனை செய்யப்படும் என்ற உறுதி இடம்பெற்றது. 2007இல் வந்த திருத்தச் சட்டம் ‘ஒழித்தல்’ என்ற சொல்லை நீக்கியது. ‘குறைத்தல்’ நீங்கவில்லை, அது இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆயினும் நீக்கப்பட்ட அந்த ஒரு சொல் சிறியதன்று. மக்கள் இயக்கத்தின் வலிமை எவ்வளவோ அவ்வளவே சட்டத்தின் சொற்களும் மாறும் என்பதற்கு அது சான்று.

தோழர்களே, இந்தக் குறுக்கு மானியம் எந்த அடிப்படையில் வந்தது? 1943ஆம் ஆண்டில், வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர், போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சி பற்றிய கொள்கைக் குழுவில் பேசுகையில், மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்வளர்ச்சி இல்லை என்றும், தொழில்வளர்ச்சி இல்லாமல் வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்றும் வாதிட்டார். 1948இல் மின் வழங்கல் சட்டம் வந்தது. மாநில மின்வாரியங்கள் பிறந்தன. லாபம் கிடைக்கும் நகரத்தோடு நின்றுவிடாமல், லாபம் கிடைக்காத கிராமத்திற்கும் கம்பி இழுத்துச் சென்றவை அந்த வாரியங்களே.

தனியார் நிறுவனமோ நாட்டின் வரைபடத்தை வேறு கண்கொண்டு பார்க்கிறது. மாநகரமும் தொழிற்பேட்டையும் அதற்கு வரவு, மற்றவை செலவு. தொலைதூரக் குக்கிராமத்திற்குக் குறைந்த கட்டணத்தில் செல்லும் மின்சாரம் ஒரு செலவு. அங்கே நள்ளிரவில் சென்று மின்மாற்றியைப் பழுதுபார்க்கும் நிரந்தர ஊழியரும் ஒரு செலவு. ஏழை நுகர்வோரும் மின் ஊழியரும் ஒரே கணக்கேட்டின் ஒரே பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறார்கள். நமது ஒற்றுமைக்கு இதைவிடத் தெளிவான அடிப்படை வேறொன்று வேண்டியதில்லை.

ஒடிசாவின் அனுபவத்தைப் பாருங்கள். மின்துறைச் சீர்திருத்தத்தின் முன்மாதிரி என்று உலக வங்கியால் போற்றப்பட்ட மாநிலம் அது. 1999இல் அதன் மின்விநியோகம் முழுவதும் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பெரும்புயல் கடற்கரையைத் தாக்கி மின்கட்டமைப்பைச் சிதைத்தது. மத்திய மண்டலத்தை ஏற்றிருந்த அமெரிக்க நிறுவனமான ஏ.இ.எஸ். 2001இல் பொறுப்பைக் கைவிட்டு வெளியேறியது. எஞ்சிய மூன்று மண்டலங்களின் தனியார் உரிமத்தை 2015இல் மாநில ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. இவ்வளவுக்குப் பிறகும் பாடம் கற்கப்படவில்லை. 2020இலும் 2021இலும் அதே மண்டலங்கள் வேறொரு தனியார் குழுமத்திடம் சென்றன. சீர்திருத்தம் என்பது தமிழில் மேன்மை பொருந்திய சொல். சாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்த்து நின்றோரின் சொல். அதை இத்தகைய செயலுக்குப் பெயராக எழுத நேரும்போதெல்லாம் என் பேனா தயங்குகிறது.

இனி, நம்மைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

2022 பிப்ரவரியில் சண்டிகர் மின் ஊழியர்கள் தனியார்மயத்தை எதிர்த்து மூன்று நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். லாபத்தில் இயங்கிய ஒரு துறையை விற்பதற்கு எதிரான முற்றிலும் நியாயமான போராட்டம் அது. நகரின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் ஏவப்பட்டது. உயர்நீதிமன்றம் தானே முன்வந்து தலையிட்டது. மூன்று நாள் முடியும் முன்பே போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2025 பிப்ரவரி 1ஆம் நாள் அத்துறை தனியார் வசமாயிற்று.

2023 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தில், அரசு தானே கையெழுத்திட்ட உடன்பாட்டை நிறைவேற்றக் கோரி 72 மணி நேர வேலைநிறுத்தம் நடந்தது. அங்கும் அதே சட்டம், அதே நீதிமன்றத் தலையீடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். முதல் அடி யார்மீது விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பணிப் பாதுகாப்பு ஏதுமற்ற தோழர் மீதே விழுந்தது.

இவ்விரு இடங்களிலும் ஊழியர்களின் வீரத்தில் குறைவில்லை. நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. இருண்ட வீட்டில் அமர்ந்திருந்த குடும்பத்திற்கு, இப்போராட்டம் உங்களுடையது என்று எடுத்துச் சொல்வதற்கு, விளக்கு அணைவதற்கு முன் நாம் எத்தனை மாதம் உழைத்தோம்? பொதுமக்கள் நம்மைச் சந்திக்கும் முதலிடம் போராட்ட மேடை அன்று. கட்டணம் செலுத்தும் கவுண்டரும் புகார் அளிக்கும் அலுவலகமும்தான். அங்கே அலைக்கழிக்கப்பட்ட ஒருவர், தனியார் வந்தாலாவது நல்லது என்று எண்ணினால், அந்த எண்ணத்தை ஆளும் வர்க்கம் மட்டுமே விதைத்ததாகக் கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

மறுபக்கத்தையும் காண்போம். 2021 டிசம்பரில், கடுங்குளிரில், ஜம்மு காஷ்மீரின் ஏறத்தாழ 20,000 மின் ஊழியர்கள் தங்கள் துறையின் சொத்துகளைக் கூட்டு நிறுவனத்திற்கு மாற்றுவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். மின்நிலையங்களை இயக்க இராணுவம் அழைக்கப்பட்டது. ஆயினும் கம்பியாளர் முதல் பொறியாளர் வரை, ஜம்முவிலும் பள்ளத்தாக்கிலும் ஒன்றாக நின்றனர். சில நாட்களிலேயே அத்திட்டத்தை நிறுத்திவைக்க நிர்வாகம் இசைந்தது.

இதனினும் பெரிய பாடத்தை டெல்லியின் எல்லைகளில் அமர்ந்த விவசாயிகள் தந்தார்கள். மூன்று வேளாண் சட்டங்களோடு மின்சாரத் திருத்த மசோதாவையும் திரும்பப் பெற வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. மின் ஊழியரின் கோரிக்கையை அவர்கள் இரவலாகப் பெறவில்லை. தங்கள் பம்புசெட்டின் கோரிக்கையாக உணர்ந்தே எழுப்பினார்கள். விவசாய அமைப்புகளோடு கலந்து பேசாமல் மசோதாவைக் கொண்டுவர மாட்டோம் என்று 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு எழுத்து மூலம் உறுதியளித்தது. அந்த உறுதியை மீறி 2022 ஆகஸ்ட் 8ஆம் நாள் மசோதா மக்களவையில் அறிமுகமானபோது, நாடெங்கும் மின் ஊழியர்கள் பணியைப் புறக்கணித்தனர். விவசாயிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அன்றே மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது; 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியாயிற்று. உழவரும் ஊழியரும் ஒன்றுபட்ட இடத்தில் பெரும்பான்மை பலம் கொண்ட அரசும் காத்திருக்க நேர்ந்தது.

இன்று நம் வாசலில் நிற்பது முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர். 2021இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் இலக்கு 25 கோடி மீட்டர்கள். கணக்கெடுப்பு ஊழியரின் வேலையைப் பறிப்பதும், இருப்புத் தீர்ந்த ஏழை வீட்டின் விளக்கை அணைப்பதும் அந்த ஒரே கருவிதான். முதலீட்டையும் இயக்கத்தையும் தனியாரிடமே விட்டுவிடும் முறையைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்த கேரளத்தில், இடது ஜனநாயக முன்னணி அரசு அதை ஏற்க மறுத்து மாற்று வழியைத் தேர்ந்தது. மற்ற மாநிலங்களில் இப்போராட்டத்தை ஊழியர் தனியாகவும் நுகர்வோர் தனியாகவும் நடத்தினால் இருவருமே தோற்பார்கள்.

ஆகவே செய்ய வேண்டியவை எவை? முதலாவதாக, ஒப்பந்தத் தொழிலாளரின் நிரந்தரம் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியாக இருத்தல் ஆகாது. கம்பத்தில் ஏறி உயிரிழப்போரில் அவர்களே மிகுதி. அவர்கள் இல்லாத ஒற்றுமை பாதி ஒற்றுமை. இரண்டாவதாக, காலிப் பணியிடங்களை நிரப்புக என்ற கோரிக்கையை மக்கள் மொழியில் வைக்க வேண்டும். ஒரு கம்பியாளர் எத்தனை ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை அந்தந்த ஊரின் தெருமுனையில் சொன்னால், அது ஊரின் கோரிக்கையாகிவிடும். மூன்றாவதாக, வேலைநிறுத்த அறிவிப்போடு மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் மின்சாரம் தடைபடாது என்ற உறுதியையும், அதை நிறைவேற்றும் ஏற்பாட்டையும் சங்கமே அறிவிக்க வேண்டும். நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகு செய்வது பணிதல். நாமே முன்வந்து செய்வது தலைமை. நான்காவதாக, கவுண்டரில் காட்டும் கனிவையும் அரசியல் கடமையாகக் கொள்ள வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் 42 மாவட்டங்களுக்கு மின்சாரம் வழங்கும் இரு விநியோக நிறுவனங்களைத் தனியார்மயமாக்கும் முடிவு 2024 நவம்பரில் வெளியாயிற்று. அன்று முதல் அங்குள்ள தோழர்கள் விடாது போராடி வருகின்றனர். அவர்களுக்கு நாம் அனுப்பும் தீர்மானமும் தேவையே. அதனினும் தேவையானது, நம் பகுதியில் அடுத்த வேலைநிறுத்த நோட்டீஸ் அளிக்கப்படும் நாளுக்கு முன்பாகவே ஒவ்வொரு வீட்டின் கதவையும் நாம் தட்டியிருப்பது. அந்தப் பணிக்கு நாள் குறிக்கக் காத்திராமல் இன்றே தொடங்குவோம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.