கொடுத்ததும் எடுத்ததும்



ஏழ்மையைக் கண்டு அரசாங்கம் அளிக்கும் உதவிப் பணம் வேறு; இழைத்த தீங்கிற்கு ஈடாக அளிக்கும் நஷ்டஈடு வேறு. இவ்வேறுபாடு ஒரு சிறுவனுக்கும் விளங்கும். ஆயினும் சட்டங்கள் இதனை மறந்துவிடுவதுண்டு. கானடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் நிகழ்ந்ததைக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

டொரன்டோ நகருக்கு வடக்கே உள்ள ஒரிலியா என்னும் ஊரில் 1876-ஆம் ஆண்டு அரசாங்கம் ஒரு காப்பகத்தை நிறுவியது. அறிவு வளர்ச்சி குன்றியோர் என்று முத்திரையிடப்பட்டவர்களை அங்கே வைத்துப் பராமரிப்பது நோக்கம். பிற்காலத்தில் அதற்கு ஹியூரோனியா மண்டல நிலையம் என்று பெயராயிற்று. மருத்துவர் சொல்லை நம்பிப் பெற்றோர் ஒப்படைத்த குழந்தைகள் அங்கே அடியுண்டனர், இழிவுபடுத்தப்பட்டனர், சொல்லக் கூசும் கொடுமைகளுக்கும் ஆளாயினர். 1960-இல் பியர் பெர்ட்டன் என்ற பத்திரிகையாளர் அங்கிருந்த நெரிசலையும் கட்டடங்களின் சீர்கேட்டையும் நேரில் கண்டு டொரன்டோ ஸ்டார் நாளிதழில் எழுதினார். அவர் எழுதி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2009 மார்ச்சில், நிலையம் மூடப்பட்டது. அதன் இடுகாட்டில் எண் மட்டும் பொறித்துப் பெயர் பொறியாத கல்லறைகள் உண்டு. இதற்கு மேல் நான் விளக்கம் கூற வேண்டுவதில்லை.

அங்கே வளர்ந்த இரு பெண்மணிகள் முன்னின்று, தம்மைப் போன்றோர் அனைவர் சார்பிலும் மாகாண அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 2013 செப்டம்பரில் 3 கோடியே 50 லட்சம் டாலர் அளிக்க அரசாங்கம் உடன்பட்டது. டிசம்பர் 9-ஆம் நாள் மாகாணப் பிரதமர் காத்லீன் வின் சட்டசபையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 42,000 டாலர்.

இனித்தான் சிக்கல். இவ்வாறு துன்புற்றவர்களுள் பலர் ஊனமுற்றோருக்கான மாகாண உதவித் திட்டத்தைக் கொண்டே வாழ்பவர்கள். வேறு வழியில்லாதவருக்கே அவ்வுதவி உரியது. ஆகவே பெறுபவரிடம் எவ்வளவு சேமிப்பு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. தனி ஒருவருக்கு அன்றிருந்த வரம்பு 5,000 டாலர். 2017-இல்தான் அது 40,000 ஆக உயர்ந்தது. பள்ளியில் சம்பளச் சலுகை விண்ணப்பங்களில் கையொப்பமிட்டுப் பழகியவன் நான். வருமானம் என்று அச்சிட்ட கட்டத்தில் எண்ணை எழுதலாமேயன்றி, அப்பணம் எப்படி வந்தது என்று எழுத அங்கே இடமிராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42,000 டாலர் பெற்ற ஒருவர் மீது 5,000 டாலர் வரம்பை அப்படியே சுமத்தியதாக வைத்துக்கொள்வோம். மிகுதி 37,000. அது செலவாகும்வரை உதவி நிற்கும். மாத உதவி 1,000 டாலர் என்று கொண்டால், தமக்குக் கிடைத்த நஷ்டஈட்டைக் கொண்டே 37 மாதம் வாடகையும் உணவும் அவர் தேடிக்கொள்ள வேண்டும். அவ்வளவு காலமும் மாதந்தோறும் 1,000 டாலர் அரசாங்கத்திற்கு மிச்சம். தீங்கிழைத்தவர் கொடுத்த 42,000-இல் 37,000 அவரிடமே திரும்பிவிட்டது! துன்புற்றவரிடம் எஞ்சியது 5,000. அபராதம் செலுத்தியவன் அதே அபராதத்தைத் தன் பெட்டியிலேயே வரவு வைத்துக்கொள்வதை எந்த நீதிமன்றம் ஒப்பும்?

இதனை முன்னரே உணர்ந்து, நஷ்டஈட்டுப் பணத்தால் உதவித் தொகை குறையாது என்னும் ஏற்பாட்டை ஹியூரோனியா வழக்கில் செய்துகொண்டனர். தொகையின் அளவைவிட இந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மறுபக்கமும் ஒரு வாதம் உண்டு. அதனை நாம் தள்ளிவிடலாகாது. ஒரே இழப்பிற்கு இருமுறை பொதுப் பணம் கொடுப்பது வரி செலுத்துவோருக்கு நியாயமா என்று கேட்பர். பிரிட்டனின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குச் செம்மையான விடை கண்டிருக்கிறது. ஊதிய இழப்பிற்கென அளித்த நஷ்டஈட்டிலிருந்து, அதே இழப்பை முன்னிட்டு அரசாங்கம் தந்த உதவியைக் கழிக்கலாம். பராமரிப்புச் செலவிற்கும் அவ்வாறே. ஆனால் வலிக்கும் வேதனைக்கும் அளித்த தொகையில் கைவைத்தல் கூடாது. வலிக்கென்று ஓர் உதவித் தொகையை எந்த அரசாங்கமும் முன்னதாகக் கொடுத்து வைக்கவில்லையே! இருப்பினும் வறியோருக்கான உதவிகளில் சேமிப்பு வரம்பு அங்கும் உண்டு. அதற்கு உட்படாதிருக்க வேண்டுமாயின் நஷ்டஈட்டை ஒரு டிரஸ்டில் வைத்தல் வேண்டும். டிரஸ்ட் என்றால் பத்திரம், பத்திரம் என்றால் வக்கீல். எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாமலே வளர்ந்த ஒருவர் இதையெல்லாம் தாமே அறிந்து செய்துகொள்வாரா?

ஆஸ்திரேலியா வேறு வழியை மேற்கொண்டது. குழந்தைப் பருவத்தில் நிறுவனங்களில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கென 2018 ஜூலை 1 முதல் தேசியத் திட்டம் ஒன்று நடைபெறுகிறது. உச்ச வரம்பு ஒன்றரை லட்சம் டாலர். உதவித் தொகைக்குத் தகுதி பார்க்கும்போது இப்பணம் வருமானமாகக் கொள்ளப்படாது. வருமான வரியும் இல்லை. சட்டமே வேலி கட்டிவிட்டது.

ஆனால் அந்த வேலி திட்டத்தின் வழியே வந்த பணத்திற்கு மட்டுமே. அதே கொடுமைக்கு ஆளான மற்றொருவர், திட்டத்தை நாடாமல் நீதிமன்றத்தில் வழக்காடிப் பெருந்தொகை ஒன்று பெறுகிறார் என்று கொள்ளுங்கள். அதில் ஊதிய இழப்பிற்கான பங்கும் கலந்திருந்தால், பொதுவான நஷ்டஈட்டு விதிகளின்படி அவருடைய ஊனமுற்றோர் உதவித் தொகை குறிப்பிட்ட காலத்திற்கு நிறுத்தப்படலாம். ஒரே கூரையின் கீழ் ஒரே கையால் அடியுண்ட இருவருள் ஒருவருடைய பணம் காப்புடையதாகவும், மற்றவருடையது கணக்குக் கேட்கப்படுவதாகவும் ஆகிறது.