ஓர் எழுத்துக்குள் ஒரு குதிரை

வலது கை விரலால் இடது உள்ளங்கையில் ஒரு குதிரையை வரைந்து பாருங்கள். நீண்ட முகம், பெரிய கண், பிடரிமயிர், கால்கள், வால். வரைந்தாயிற்றா? இப்போது தலை மேலேயும் வால் கீழேயும் வரும்படி அதைத் திருப்பி நிறுத்துங்கள். ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன், சீனாவின் ஷாங் அரசர்கள் காலத்தில், குதிரைக்கான எழுத்து இப்படித்தான் இருந்தது. இன்று அதை 'மா' என்று உச்சரிக்கிறார்கள்.

ஆமையோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் எழுத்தைக் கீறி அன்று குறி கேட்டார்கள். அந்த எலும்புகளில் இருப்பது பழைய எழுத்து என்பதை 1899-இல் வாங் யீரோங் என்ற அறிஞர் அடையாளம் கண்டார். குதிரை ஏன் நிமிர்ந்து நிற்கிறது? எழுத்துகள் மேலிருந்து கீழாக, குறுகிய வரிசையில் இறங்கின. அகலமான விலங்குக்கு அங்கே இடமில்லை. அதனால் நிமிர்த்திவிட்டார்கள் என்பது அறிஞர்களின் கருத்து.

கி.மு. 221-இல் சின் பேரரசு சீனாவை ஒன்றாக்கியபின் 'முத்திரை எழுத்து' என்ற வடிவம் பொதுவானது. அதில் குதிரையின் கண்ணும் பிடரியும் சீரான கோடுகளாயின. அடுத்து வந்த ஹான் காலத்தில் அலுவலக எழுத்தர்கள் மூங்கில் பட்டைகளில் தூரிகையால் வேகவேகமாக எழுதினார்கள். வளைவுகள் நேராகின. நாளடைவில் கால்கள் நான்கு புள்ளிகளாயின. பின்னர் நிலைபெற்ற திருத்தமான எழுத்தில் 'மா'வுக்குப் பத்துக் கோடுகள். மேலே பிடரி, வலப்பக்கம் வளைந்திறங்கும் கொக்கி, அதன் அடியில் வரிசையாக நான்கு கால்கள்.

கையெழுத்துக் கலைஞரின் தூரிகை இன்னும் விரைந்தால், அந்த நான்கு புள்ளிகளும் ஒரே இழுப்பில் ஒரு கோடாகிவிடும். சீன அரசு 1956-இல் எளிய எழுத்துகளை அறிவித்தபோது ஏற்றுக்கொண்டது இந்த விரைவெழுத்தின் வழியைத்தான். பத்துக் கோடு மூன்றானது. எழுத்தை மாற்றியது அரசாணை மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாக எழுதிப் பழகிய கைகளும்தான். தைவானிலும் ஹாங்காங்கிலும் பத்துக் கோட்டு 'மா' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

புதிய வடிவம் வந்ததும் பழையது அழிந்துபோகவில்லை என்பதே எனக்குப் பெரிய வியப்பு. இன்றும் ஒரு கலைஞர் விரைவெழுத்தில் கவிதை எழுதுவார். முடித்ததும் முத்திரை எழுத்தில் செதுக்கிய தம் பெயரைச் செந்நிறத்தில் பதிப்பார். வெவ்வேறு காலத்து வடிவங்கள் ஒரே தாளில் அருகருகே நிற்கும். பழைய எழுத்தைக் காட்சிப்பேழையில் பூட்டிவைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. அதை எழுதத் தெரிந்த கைகள் வேண்டும். சீனக் கலைஞர்கள் அந்தக் கைகளைத் தலைமுறைதோறும் உருவாக்கி வருகிறார்கள்.