தலைமை ஒருவர் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளல்ல

(ஓவிய ஆசிரியர் சங்கங்களின் ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இருவரோ மூவரோ இருப்பார்கள். தமிழாசிரியரும் அப்படியே. ஓவிய ஆசிரியர் மட்டும் ஒருவர்தான். அநேகப் பள்ளிகளில் அந்த ஒருவரும் இல்லை. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புத்தான். “உங்கள் பீரியடைக் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள் ஸார்” என்று கேட்டால், அவருக்காகப் பரிந்து பேச அந்தப் பள்ளியில் இன்னொரு ஓவிய ஆசிரியர் கிடையாது. ஆகவே நமக்குச் சங்கம் ஒன்றுதான் துணை. சங்கம் நோஞ்சானாகக் கிடந்தால் நாம் ஒவ்வொருவரும் தனி மரம்.

அந்தச் சங்கத்தை நாம் எப்படி நடத்தி வந்திருக்கிறோம்? மறைக்காமல் பேசுவோம். நம்மில் ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். செயலாளர் நல்லவர், உழைப்பாளி. பல வருஷங்களாக மனு எழுதியவரும் அவர்தான். அதிகாரியைப் பார்த்தவரும் அவர்தான். சந்தா வசூலித்தவரும் அவர்தான். மினிட் புத்தகமும் அரசாணை நகல்களும் அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தன. அங்கத்தினர் தொலைபேசி எண்கள் அவருடைய கைபேசியில் மட்டுமே இருந்தன. ஒருநாள் அவர் நோயில் விழுந்தார். எந்த மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை. பதில் அனுப்ப வேண்டிய கெடு கடந்துவிட்டது. குற்றம் அவருடையதல்ல. எல்லாப் பாரத்தையும் ஒரே தோளில் ஏற்றிவிட்டு மாலை போட்டுக் கொண்டிருந்த நம்முடையதுதான்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. மற்ற தேசங்களின் ஓவிய ஆசிரியர்களும் இதைச் சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஓவிய ஆசிரியர்கள் கிழக்கு, மேற்கு, தென்கிழக்கு, பசிபிக் கரை என்று நான்கு பிராந்திய சங்கங்களாகப் பிரிந்திருந்தார்கள். 1947-ல் அவை சேர்ந்து தேசியக் கலைக்கல்விச் சங்கம் பிறந்தது. சேர்ந்தார்கள் என்பதற்காகப் பிராந்தியங்களை அழித்துவிடவில்லை. பிராந்தியத்துக்கு ஒரு உபதலைவர் உண்டு. மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிக் கொள்கை விஷயங்களை விவாதிக்கிறார்கள். முக்கியமான ஏற்பாடு இன்னொன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே தலைவராவதில்லை. இரண்டு வருஷம் வருங்காலத் தலைவராக இருந்து வேலை பழகுகிறார். அடுத்த இரண்டு வருஷம் தலைவர். அதற்கடுத்த இரண்டு வருஷம் முன்னாள் தலைவராகக் கூடவே இருந்து புதியவருக்கு உதவுகிறார். ஆக எந்த நாளிலும் ஒருவர் கற்கிறார், ஒருவர் நடத்துகிறார், ஒருவர் கற்பிக்கிறார். ஒருவர் படுத்தால் சங்கம் படுக்காது.

அமெரிக்காவில் எல்லாம் செழிப்பாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பட்ஜெட்டில் வெட்டு விழுந்தால் அங்கேயும் ஓவிய ஆசிரியர் வேலைக்குத்தான் முதலில் ஆபத்து. அதனால்தான் அவர்களுக்கும் அறுபடாத தலைமை தேவைப்பட்டது.

பிரிட்டனின் அனுபவம் வேறு பாடம் தருகிறது. அங்கே 1888-லேயே ஓவிய ஆசிரியர் சங்கம் தோன்றிவிட்டது. பிற்காலத்தில் இரண்டு ஸ்தாபனங்கள் தனித்தனியே நடந்தன. 1984-ல் அவை ஒன்றாயின. அந்த ஸ்தாபனம் பாடத்தின் தரத்தைப் பற்றியும் பேசுகிறது. ஆசிரியர் உரிமைக்கான தொழிற்சங்கமாகவும் இயங்குகிறது. சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறவர் வேறு, சித்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர் வேறு என்று நாம் பிரிக்கிறோமே, அந்தப் பிரிவினை அவசியமில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

தேச எல்லையைத் தாண்டியும் இந்த முயற்சி நடந்தது. 1951-ல் யுனெஸ்கோ பிரிஸ்டல் நகரில் கலைக்கல்வி பற்றி ஒரு கருத்தரங்கு கூட்டியது. அங்கே முளைத்த யோசனை 1954-ல் ‘கலைவழிக் கல்விக்கான சர்வதேசச் சங்கம்’ என்று உருவெடுத்தது. எட்வின் ஸீக்ஃபீல்ட் அதன் முதல் தலைவர். யுத்தத்தில் இடிந்த உலகத்தில், பல நாட்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒருவர் அனுபவத்தை ஒருவர் கேட்டார்கள். அவர்களால் முடிந்தது, பக்கத்து ஜில்லாச் சங்கங்களான நம்மால் முடியாதா?

நம் நிலைமைக்கு வருவோம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், நூறு குழந்தைகளுக்கு மேல் உள்ள நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கல்விக்கென்று பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரம் மூன்று அரைநாள் வேலை. அப்போது மாதம் 5,000 ரூபாய் சம்பளமாக இருந்தது. நிரந்தர ஆசிரியர் ஒரு பக்கம், பகுதிநேரத்தார் ஒரு பக்கம் என்று நாம் பிரிந்தோம். ஒரு சங்கத்துக்கு வழக்கு நடத்தத் தெரியும். இன்னொன்றுக்குக் குழந்தைகளின் சித்திரக் கண்காட்சி நடத்திப் பெற்றோரைத் திரட்டத் தெரியும். வேறொன்றுக்குச் சந்தாவை நிலுவையில்லாமல் வசூலிக்கத் தெரியும். ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாது. பகிர்ந்து கொள்ள வேண்டியது இதைத்தான்.

நாம் யோசனையாக வைப்பது நான்கு. முதலாவது, ஒவ்வொரு பொறுப்புக்கும் கூடவே ஒருவர் பழக வேண்டும். அவர் இளைஞராக, கூடியவரை பெண் ஆசிரியராக இருக்கட்டும். இரண்டாவது, பொறுப்பை ஒப்படைக்கும்போது கணக்கு, மனுக்களின் நிலை, அங்கத்தினர் பட்டியல் எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது, ஒரு சங்கத்தின் கமிட்டிக் கூட்டத்துக்கு இன்னொரு சங்கத்திலிருந்து இருவர் பார்வையாளராகப் போய் வர வேண்டும். நான்காவது, வெற்றியை மட்டுமல்ல, தோல்வியையும் சொல்ல வேண்டும். எங்கே சறுக்கினோம் என்பதுதான் அடுத்தவருக்கு அதிகம் உதவும்.

“கற்றுக் கொடுத்தால் நம்மையே தள்ளிவிடுவார்களே” என்று சிலர் தயங்குகிறார்கள். நண்பர்களே, நம்முடைய தொழிலே கற்றுக் கொடுப்பதுதான். வகுப்பில் ஒரு பையன் நம்மைவிட நன்றாக வரைந்தால் நாம் பென்ஸிலைப் பிடுங்குவதில்லை. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். சங்கத்திலும் அதே மனம் வேண்டும்.

இன்று கலையுமுன் ஒவ்வொரு சங்கமும் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றையும், தெரியாமல் திண்டாடும் வேலை ஒன்றையும் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் இருக்கும் சங்கத்தாரிடம் கொடுங்கள். தகரப் பெட்டிகள் திறக்கட்டும். நம் குழந்தைகளின் ஓவிய வகுப்பை யாரும் பறிக்க முடியாத ஸ்தாபனத்தை அப்போதுதான் கட்ட முடியும்.