ஒலிவாங்கியின் மௌனம்

வெள்ளவத்தை கூட்டங்களுக்குப் பேர்போன பகுதி. கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் போன்ற இடங்களில் விழா நடைபெறும்போது, தலைவர் வருமுன் ஒருவர் மேடையேறி ஒலிவாங்கியை விரலால் தட்டிப் பார்ப்பார். ஓசை எழாவிடின் கம்பியைச் சரிசெய்ய அவகாசமுண்டு. சொற்பொழிவு ஐந்து நிமிடம் தாமதித்தால் எவருக்கும் கேடில்லை.

அபாய அறிவித்தலின் நிலை வேறு. புகையிரத நிலையத்திலும், மருத்துவமனையிலும், மாடிக் கட்டடத்திலும் அதற்கென வைக்கப்பட்ட ஒலிவாங்கி மாதக்கணக்கில் பேசாது கிடக்கும். நலமாயுள்ள ஒலிவாங்கியும் மௌனம் சாதிக்கிறது. பழுதுற்றதும் மௌனம் சாதிக்கிறது. இவ்விரு மௌனங்களையும் பிரித்தறிவது எங்ஙனம்?

எச்சரிக்கை என்பது ஒரு சங்கிலி. 2004 டிசம்பர் 26ஆம் நாள், வெள்ளவத்தையைக் கடந்து கரையோரப் பாதையில் தெற்கே சென்ற புகையிரதமொன்றை நிறுத்த அதிகாரிகள் முயன்றனர். அம்பலாங்கொடை நிலையத்தில் ஊழியர் வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்தமையால், தொலைபேசி அழைப்பை ஏற்பார் இல்லை. வண்டி பெரேலியாவில் ஆழிப்பேரலைக்கு இரையாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே பழுதுற்றது கருவியன்று. ஆயினும், ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி சேராது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

ஒலிபெருக்கி அமைப்பிலே அக்கண்ணிகளைக் காவல் காக்கும் முறை எளிதானது. ஒலிவாங்கியின் கம்பி வழியே சிறிதளவு மின்னோட்டம் இடையறாது செலுத்தப்படுகிறது. கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுபோம். இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் ஓட்டம் மிகும். இரண்டையும் கருவி கண்டுகொள்ளும். ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் வழியைச் சோதிக்க, வினாடிக்கு 20,000 அதிர்வு கொண்ட ஓசையை அனுப்புவதுண்டு. அது மனிதர் செவிக்கு எட்டாது. பழுது நேர்ந்து 100 வினாடிக்குள் அறிகுறி தோன்றவேண்டுமென்பது ஐரோப்பிய நியமமாகிய ஈ.என். 54-16இன் விதி.

ஆனால் கம்பி நலமாயிருப்பதால் மட்டும் ஒலிவாங்கி பேசுமென்பது உறுதியன்று. உள்ளேயிருக்கும் மென்தகடு கெட்டிருக்கலாம். பேசும்போது அழுத்தும் பொத்தான் இறுகியிருக்கலாம். கடற்காற்றின் உப்பு உலோக இணைப்புகளை மெல்ல அரிக்கும் கரையோரத்திலே இவ்வையம் மிகையன்று. ஆதலின், காவலை அமைத்தபின் கம்பியை வேண்டுமென்றே கழற்றி, மஞ்சள் விளக்கு எரிகிறதா, மணி ஒலிக்கிறதா, எத்தனை வினாடியில் என்று பார்த்துக் குறித்தல் வேண்டும். குறித்த நாள்தோறும் உண்மையாகவே பேசிப் பார்த்தலும் வேண்டும். ஒன்று கெட்டால் உதவ மற்றோர் ஒலிவாங்கியும் தேவை.

அறிகுறி விளக்கைப் பூட்டிய அறையில் வைத்தலும், ஓயாது ஒலிக்கிறதென்று மணியின் கம்பியைப் பிடுங்கிவிடுதலும் காவலைக் கொன்றுவிடும். கருவி பழுதைச் சொல்லுமேயன்றித் திருத்தாது. அதனைக் காண ஒரு கண்ணும், கண்டதைப் பதிய ஓர் ஏடும், அன்றே திருத்தப் பொறுப்புள்ள ஒருவரும் இருத்தல் வேண்டும். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு அற்பம். காக்கப்படுவதோ மனித உயிர்.